மாசாய் மாராவில் வனவிலங்குகளை அருகில் பார்க்க: கென்யா சஃபாரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆப்பிரிக்க சஃபாரி போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கணக்குதான் முதலில் வரும். சிங்கம் இத்தனை, யானை இத்தனை, சிறுத்தை ஒன்று, காண்டாமிருகம் தூரத்தில் ஒரு புள்ளியாக. அந்தச் சிங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் "தூங்கிச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குறை சொல்ல முடியாது. ஒரு சிங்கத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிவிட்டு அடுத்த விலங்கைத் தேடி ஓடும் பயணத்தில் அவ்வளவுதான் கிடைக்கும்.

வண்டி எத்தனை அடி நெருங்கியது என்பதை வைத்து நான் அருகாமையை அளப்பதில்லை. நீங்கள் இருப்பதை மறந்து அந்த விலங்கு தன் வேலையைப் பார்க்கத் தொடங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு நேரம். எந்த மாதம், எந்த இடம், எந்த வண்டி என்று கீழே வரும் எல்லா முடிவுகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடுத்திருக்கிறேன்: ஒரே விலங்கோடு ஒரு மணி நேரம் நிற்க இது உதவுமா?

இடமாகக் கென்யாவின் மாசாய் மாராவை எடுத்துக்கொள்கிறேன். சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் புல்வெளிக் காப்பகம். தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டியோடு வேலியில்லாமல் சேர்ந்திருக்கிறது. மரம் குறைவு, பார்வை தூரம்வரை போகும். விலங்குகள் தலைமுறை தலைமுறையாக வண்டிகளைப் பார்த்துப் பழகியவை. முதல் சஃபாரிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

விளம்பரங்களில் நாம் பார்ப்பதெல்லாம் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாரா. சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்டுகளும் (மாட்டைப் போன்ற பெரிய மான்கள்) அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் கசேல் மான்களும் மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து செரெங்கெட்டி, மாரா நிலப்பரப்பை ஆண்டு முழுக்கச் சுற்றிவருகின்றன. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தெற்கு செரெங்கெட்டியில் குட்டி போடுகின்றன. ஜூலை வாக்கில் வடக்கே வந்து மாரா ஆற்றைக் கடக்கின்றன. அக்டோபர், நவம்பரில் திரும்புகின்றன. தேதி குறிக்க யாராலும் முடியாது, எல்லாம் மழையின் கையில்.

அந்த மாதங்களில் மனிதக் கூட்டமும் அதே அளவுக்கு இருக்கும். கட்டணமும் ஏறும். வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை தலைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024-இல் வந்த விகிதம் இது. நான்கு பெரியவர்கள் மூன்று நாள் உள்ளே போனால் பிப்ரவரியில் 1,200 டாலர், ஆகஸ்டில் 2,400 டாலர். தங்கும் செலவும் வண்டிச் செலவும் இதற்கு மேல். கட்டணங்கள் மாறக்கூடியவை, முன்பதிவு செய்யும்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு கடப்பதைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். இல்லையென்றால் ஜனவரி, பிப்ரவரிதான் என் தேர்வு. மழை குறைவு, புல் பெரும்பாலும் கட்டையாக இருக்கும், வண்டிகளும் குறைவு. சிங்கமும் சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் (சீட்டா) எங்கேயும் வலசை போவதில்லை, வருடம் முழுக்க அங்கேதான் இருக்கின்றன.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சிக்கல் ஒன்று உண்டு. நம் ஊர் கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்கள்தான் கென்யாவில் நீண்ட மழைக்காலம். மாராவின் பல பகுதிகளில் கரிசல் மண். ஈரமானால் எப்படி ஒட்டும், எப்படி வழுக்கும் என்று கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய லேண்ட் குரூசரே சிக்கிக்கொள்ளும். காலாண்டு விடுமுறையில் போவது நல்லது, வலசைக் கூட்டம் அப்போது பெரும்பாலும் மாராவில் இருக்கும்.

படி 2: ஊர்களைக் குறையுங்கள்

நைரோபியில் இறங்கி அம்போசெலி, நகுரு ஏரி, நைவாஷா, மாரா என்று ஆறு நாளில் நான்கு இடம் காட்டும் திட்டங்கள் நிறைய உண்டு. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நைரோபியிலிருந்து மாரா சாலைவழியே சுமார் 270 கிலோமீட்டர், நரோக் வழியாக ஐந்தாறு மணி நேரம். அம்போசெலியிலிருந்து நகுரு போக ஒரு பகல் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். அந்த ஆறு நாளில் விலங்குகளைப் பார்த்த நேரத்தைவிட லாரிகளைப் பார்த்த நேரம் அதிகமாக இருக்கும்.

ஆறு இரவு இருந்தால் மாராவுக்கு நான்கு கொடுங்கள். ஒன்று நைரோபி, இன்னொன்று வழியில் நைவாஷாவிலோ நகுருவிலோ. காண்டாமிருகம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நகுரு சரி. கறுப்பு, வெள்ளை இரண்டு வகையும் அங்கே உண்டு, மாராவில் கறுப்பு வகைதான், அதையும் பார்ப்பது எளிதல்ல. யானைதான் உங்கள் ஆசை என்றால் வழியில் ஓர் இரவு போதாது. மாராவில் ஒன்றைக் குறைத்து அம்போசெலிக்கு இரண்டு இரவு தனியாக ஒதுக்குங்கள்.

பணம் இடம் கொடுத்தால் நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போகலாம். ஒரு மணி நேரத்துக்குள் மாராவின் மண் ஓடுபாதையில் இறங்கிவிடுவீர்கள். கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் அனுமதி, அதுவும் சக்கரப் பெட்டி கூடாது, மடங்கும் துணிப்பை வேண்டும்.

மாராவையும் செரெங்கெட்டியையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலங்குகள் எல்லையைத் தாண்டிப் போகலாம், சுற்றுலாப் பயணி போக முடியாது. மேற்கே சுற்றி இசெபானியா எல்லைச் சாவடி வழியாகத்தான் போக வேண்டும், தான்சானியாவுக்குத் தனி விசாவும் தேவை.

படி 3: எங்கே தங்குவது

மாராவில் மூன்று விதமான இடங்கள் உள்ளன, மூன்றும் ஒன்றல்ல. முதலாவது, காப்பகத்தில் நரோக் மாவட்ட அரசு நேரடியாக நடத்தும் கிழக்குப் பகுதி. செகெனானி, தாலெக் வாயில்கள் இங்கே. தங்குமிடங்கள் ஏராளம், விலையும் பரவாயில்லை, வண்டிகளும் ஏராளம்.

இரண்டாவது, அதே காப்பகத்தில் மாரா ஆற்றுக்கு மேற்கே உள்ள மாரா முக்கோணம். சுமார் 510 சதுர கிலோமீட்டர். 2001-லிருந்து மாரா கன்சர்வன்சி என்ற லாபநோக்கற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. விதிகளை இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே அமல்படுத்துகிறார்கள்.

மூன்றாவது, காப்பகத்தை ஒட்டி மாசாய் பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கும் தனிக் கன்சர்வன்சிகள், அதாவது தனியார் வனவிலங்குப் பகுதிகள்: நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த், ஓல் கின்யேய் போன்றவை. நில உரிமையாளர்களான குடும்பங்களுக்கு மாதாமாதம் குத்தகைப் பணம் போகிறது. அங்கே தங்குபவர்கள் மட்டுமே உள்ளே சுற்றலாம் என்பதால் வண்டிகள் குறைவு. காப்பகத்துக்குள் தடைசெய்யப்பட்ட மூன்று காரியங்களுக்குப் பொதுவாக இங்கே அனுமதி உண்டு: பாதையை விட்டு விலகி ஓட்டுவது, இரவு சஃபாரி, ஆயுதமுள்ள கைடோடு நடந்து போவது.

விலை அதிகம்தான். ஆனால் நான்கு இரவு சாதாரண லாட்ஜில் இருப்பதற்குப் பதிலாக, இரண்டு இரவு கன்சர்வன்சியிலும் இரண்டு இரவு காப்பகத்தின் வாயிலுக்கு அருகிலும் தங்கினால் செலவு கட்டுக்குள் வரும், பார்ப்பதும் கூடும். நீச்சல் குளம் எல்லாம் விலையை ஏற்றும் சமாசாரங்கள். அவற்றைக் கழித்துவிடுங்கள்.

சைவ உணவு பற்றிக் கவலை வேண்டாம். கென்யாவில் குஜராத்திக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன, சப்பாத்தி அந்த நாட்டு மக்களின் சாப்பாடாகவே ஆகிவிட்டது. முன்பே சொல்லிவைத்தால் போதும்.

படி 4: வண்டியும் கைடும்

எல்லாவற்றையும்விட இதில்தான் பணத்தைப் போட வேண்டும். கூரை மேலே தூக்கிக்கொள்ளும் லேண்ட் குரூசர் நல்லது, வேன் மலிவு. எதுவானாலும் ஆளுக்கு ஒரு ஜன்னல் கிடைக்குமா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், வண்டி உங்களுக்கு மட்டுமா என்பது. முன்பின் தெரியாத ஆறு பேரோடு போனால் ஆறு ஆசைகள். நீங்கள் கழுதைப்புலிக் குட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பின்னால் ஒருவர் காலைச் சாப்பாட்டுக்கு மணி பார்ப்பார்.

கென்யாவில் பெரும்பாலும் டிரைவர்தான் கைடு. கென்யா தொழில்முறை சஃபாரி கைடுகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தகுதி தருகிறது. வெள்ளித் தகுதி உள்ளவரைக் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்யுமுன் எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை: நுழைவுக் கட்டணம் சேர்ந்த விலையா, ஒரு நாளைக்குக் கிலோமீட்டர் வரம்பு உண்டா, மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு நாள் முழுக்க வெளியே இருக்கலாமா. சிறு குழந்தைகள் இருந்தால் வயது வரம்பையும் விசாரியுங்கள். ஐந்தாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பொது வண்டியில் ஏற்றாத கேம்ப்கள் பல.

படி 5: காகிதமும் ஊசியும்

கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசா என்ற பெயரில் எதுவும் இல்லை. அதற்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி, கட்டணம் சுமார் 30 டாலர். அரசின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் கூடுதல் காசு வாங்கும் இடைத்தரகர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். கென்யாவிலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். கிடைக்கும் நாளும் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டவை, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது தாண்டியவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தாலும் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை டாக்சிசைக்ளினா, அடோவாகுவோன்-புரோகுவானிலா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். திரும்பி வந்த பிறகும் குறிப்பிட்ட நாள் வரை விழுங்க வேண்டும், பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

படி 6: பையில் என்ன

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. குடும்பத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். 8 மடங்கு பெரிதாக்கி, 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ளது போதும். அதைவிடச் சக்தி கூடினால் ஓடும் வண்டியில் கை நடுங்கும்.

காலையில் குளிரும். திறந்த வண்டியில் ஆறரை மணிக் காற்று காதைப் பிடிக்கும், பத்து மணிக்கு வெயில் சுடும். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும் உடை வேண்டும். கறுப்பும் அடர்நீலமும் கடிக்கும் ட்செட்சி ஈக்களை இழுக்கும், காக்கி, சாம்பல், மண் நிறங்கள் நல்லவை. ராணுவப் புள்ளி போட்ட உடை வேண்டவே வேண்டாம், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பொதுமக்கள் அணியத் தடை. பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கென்யா 2017-இல் தடைசெய்தது, காப்பகங்களுக்குள் 2020 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. பிளக் இங்கிலாந்து மாதிரிச் சதுர முள், நம்முடையது நுழையாது.

காமிராவுக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் இருந்தால் தாராளம். டிரைபாட் வண்டியில் உதவாது. காலித் துணிப்பை ஒன்று கொண்டுபோய் அங்கே அரிசி நிரப்பி ஜன்னலில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள். டிரோனை நினைக்கவே வேண்டாம்.

படி 7: முதல் காலை, கைடிடம் சொல்ல வேண்டியது

கைடுகள் ஏன் விரட்டி விரட்டி ஓட்டுகிறார்கள்? பயணிகள் அப்படிக் கேட்பதால். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் என்ற ஐம்பெரும் பட்டியல், நடந்துபோய்ச் சுடக் கடினமானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் வகுத்தது. கென்யா 1977-இல் வேட்டையைத் தடைசெய்துவிட்டது, பட்டியல் மட்டும் பயணிகளின் தலையில் தங்கிவிட்டது. ஐந்தையும் காட்டினால்தான் டிப்ஸ் வரும் என்று கைடு நினைத்தால் அவர்மேல் தவறில்லை.

எனவே வண்டி கிளம்புமுன் பேசிவிடுங்கள். "எங்களுக்கு ஐந்தும் வேண்டியதில்லை. ஏதாவது நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம்." நல்ல கைடு முகத்தில் அப்போதே மாற்றம் தெரியும். தனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்ட அவருக்கும் ஆசைதான். டிப்ஸ் வழக்கமாகத் தலைக்கு ஒரு நாளைக்குப் பத்து டாலர் அளவில் கொடுக்கிறார்கள், கடைசி நாளில் மொத்தமாக.

கேட் ஆறு மணிக்குத் திறக்கும், திறக்கும்போதே அங்கே நில்லுங்கள். வெயில் ஏறுமுன் கிடைக்கும் மூன்று மணி நேரமும் மாலையின் கடைசி இரண்டு மணி நேரமும்தான் நாளின் சாரம்.

சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்து, கடைசியில் பாதி வழியில் கேம்புக்குத் திரும்பச் சொல்பவர்கள் நிறைய. கைடிடம் நேராகச் சொன்னால் திறந்த இடமாகப் பார்த்து, சுற்றிலும் கண்ணோட்டிவிட்டு வண்டிக்குப் பின்னால் இறங்கச் சொல்வார். அவர் சொல்லாமல் கீழே கால் வைக்கக் கூடாது.

படி 8: மற்ற விலங்குகளின் கண்ணால் தேடுங்கள்

வண்டியின் வயர்லெஸ்ஸில் கைடுகள் சுவாஹிலியில் பேசிக்கொள்வதைக் கவனியுங்கள். சிம்பா சிங்கம், சூயி சிறுத்தை, டூமா சிவிங்கிப்புலி, ஃபிசி கழுதைப்புலி. ஆனால் வயர்லெஸ்ஸைக் கேட்டுப் போகும் இடத்தில் ஏற்கெனவே பத்து வண்டி நிற்கும். தாமாகக் கண்டுபிடிக்கும் கைடுகள் வேறு விதமாகத் தேடுகிறார்கள்.

முதுமலையில் புள்ளிமான் கத்தினால் புலி அல்லது சிறுத்தை என்று காது கொடுப்போம். அங்கே புதர் மறைக்கும், அதனால் காதுதான் வழி. மாராவில் கண்ணுக்கும் வேலை உண்டு. ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை விட்டு எல்லாம் ஒரே திசையில் உற்றுப் பார்த்தால் அந்தத் திசையில் பெரும்பாலும் சிங்கம் இருக்கும். கரையான் புற்றின் மேல் டோப்பி மான் சிலைபோல் நிற்பது சாதாரணம், அது தும்முவதுபோல் சீறினால் சாதாரணமில்லை. கூட்டமாக மேயும் தாம்சன் கசேல்கள் ஓடாமல் வரிசையாக நின்று ஒரு புள்ளியைப் பார்க்கின்றனவா? வேட்டை விலங்கு அவற்றுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது என்று பொருள். தெரிந்த எதிரியிடம் அவற்றுக்குப் பயம் குறைவு.

பிணந்தின்னிக் கழுகு வட்டமடித்தால் அவசரம் வேண்டாம், வெப்பக்காற்றில் ஏறிக்கொண்டிருக்கலாம். சிறகை மடக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து இறங்கினால் கீழே இரை கிடக்கிறது. இறங்காமல் மரத்தில் வரிசையாகக் காத்திருந்தால் சொந்தக்காரர் இன்னும் தின்றுகொண்டிருக்கிறார்.

சிறுத்தைக்கு ஆற்றோர மரங்கள். தாலெக் ஆற்றங்கரையிலும் ஓலாரே ஓரோக் ஓடைக்கரையிலும் கிடைமட்டமாகப் போகும் தடித்த கிளைகளைப் பாருங்கள். முழு உருவத்தைத் தேடினால் கிடைக்காது, தொங்கும் வாலைத் தேடுங்கள். பபூன் குரங்குகளின் குரைப்பு அருகில் கேட்டால் இன்னும் நல்லது. சிவிங்கிப்புலி இதற்கு நேர்மாறு, திறந்தவெளியில் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தூரத்தில் குழப்பம் வந்தால் முகத்தைப் பாருங்கள். கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கினால் சிவிங்கிப்புலி.

படி 9: கண்டபின் நில்லுங்கள்

காப்பக விதிப்படி விலங்கிடமிருந்து 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர வேண்டும். நடைமுறையில் இவை மீறப்படுவதைப் பார்ப்பீர்கள். உங்கள் கைடை மீறச் சொல்லாதீர்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் விலகிப்போய், ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள்.

நின்றவுடன் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். வண்டி முழுக்க ஒரே உருவமாகத்தான் விலங்குகளுக்குப் பழக்கம். கையை வெளியே நீட்டுவதும், கூரைமேல் ஏறுவதும், திடீரென்று எழுந்து நிற்பதும் அந்த உருவத்தை உடைக்கும். சத்தம் போட்டு, கைதட்டித் திரும்பிப் பார்க்கவைப்பவர்களை என்ன சொல்ல.

சிங்கம். நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். எப்போது எழும்? கொட்டாவியைக் கவனியுங்கள். ஒன்று கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பதும் விடும், பிறகு இரண்டும் சேர்ந்து எழுந்து நகரும். தென்னாப்பிரிக்கச் சிங்கங்களை ஆராய்ந்தவர்கள் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். மாலை ஐந்தரைக்குக் கொட்டாவிகள் தொடங்கினால் இருக்கையை விட்டு அசையாதீர்கள். எழுந்ததும் ஒன்றையொன்று நக்கும், தலையோடு தலை உரசும், குட்டிகள் வாலைக் கடிக்கும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

சிவிங்கிப்புலி. பகலில் வேட்டையாடுவதால் பார்க்க வாய்ப்பு அதிகம், அதனாலேயே அதற்குத் தொல்லையும் அதிகம். மாராவில் செய்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, வண்டிகள் மிகுந்த பகுதியில் ஒரு தாய் சராசரியாக 0.2 குட்டியைத்தான் வளர்த்தெடுக்கிறது, வண்டி குறைந்த பகுதியில் 2.3 குட்டி என்று சொல்கிறது. அது பதுங்கத் தொடங்கிவிட்டால் இரைக்கும் அதற்கும் நடுவே போகவே கூடாது. தூரத்தில், பக்கவாட்டில் நின்று பைனாகுலரில் பாருங்கள். ஓட்டம் சில நூறு மீட்டர்தான், ஒரு நிமிடம்கூட நீடிக்காது. காமிராவைச் சரிசெய்துகொண்டிருந்தால் தவறிப்போகும், கண்ணால் பாருங்கள். பிடித்த பிறகும் உடனே தின்னாமல் நெடுநேரம் மூச்சிரைக்கும். அப்போது வண்டிகள் நெருங்கிக் குவிந்தால் கழுதைப்புலிகளுக்கு அழைப்பிதழ் வைத்ததுபோல் ஆகிவிடும்.

கழுதைப்புலி. யாரும் கேட்காத விலங்கு, நான் முதலில் கேட்கும் விலங்கு. மாராவின் கழுதைப்புலிகளை 1988 முதல் ஓர் ஆராய்ச்சிக் குழு தொடர்ந்து கவனித்துவருகிறது. கூட்டத்தில் பெண்களுக்குத்தான் ஆட்சி, பதவி தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். வளை இருக்கும் இடம் கைடுக்குத் தெரிந்திருக்கும். சூரியன் சாயும் நேரத்தில் அங்கே போய் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் காது மட்டும் எட்டிப்பார்க்கும். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் குட்டிகள் வெளியே வந்து டயரை மோப்பம் பிடிக்கும். நாம் ஓர் அங்குலம்கூட நகராமல் விலங்கு தானாக அருகில் வருவதை இங்கேதான் பார்க்கலாம்.

யானை. காதை விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு ஓடிவந்தால் பெரும்பாலும் மிரட்டல். காதை ஒட்டவைத்து, துதிக்கையைச் சுருட்டி, சத்தமில்லாமல் வந்தால் நிஜம். கன்னத்தில் மதநீர் வழியும் ஆணிடம் கைடு தூரமாகவே நிற்பார், நெருங்கச் சொல்லாதீர்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே வண்டி போகக் கூடாது. யானையைச் சரியாகப் பார்க்க அம்போசெலிதான் இடம். அங்குள்ள யானைக் குடும்பங்களை 1972 முதல் சிந்தியா மோஸ் குழுவினர் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து அறிந்துவருகிறார்கள். காலையில் சதுப்புநிலத்தை நோக்கியும் மாலையில் திரும்பியும் கூட்டம் கூட்டமாக நடக்கும். அவை கடக்கும் பாதையை முன்கூட்டியே கணித்து வண்டியை நிறுத்திவிட்டால் இருபுறமும் பிரிந்து உங்களைச் சுற்றிக்கொண்டு போகும்.

படி 10: ஆற்றங்கரைக் காத்திருப்பு

வில்டபீஸ்ட் கூட்டம் கரைக்கு வரும், குனியும், பின்வாங்கும். மறுபடி வரும். இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு வரிக்குதிரை தும்மியதால் மொத்தமும் திரும்பி ஓடிவிடும். எப்போது கடக்கும் என்று சொல்லும் கைடை நம்பாதீர்கள். மதியச் சாப்பாட்டோடு போய் நாள் முழுக்க இருப்பதே வழி.

கரையோரமாக வண்டிகள் அடைத்துக்கொண்டால் கூட்டம் இறங்காது. முதல் விலங்கு தண்ணீரில் இறங்கும்வரை தள்ளி நிற்க வேண்டும், பிறகு மெதுவாக முன்னேறலாம். 2025-இல் செரெங்கெட்டிப் பக்கம் பயணிகள் வண்டியிலிருந்து இறங்கிக் கரையில் நின்று வழியை மறித்த காட்சிகள் பரவிக் கண்டனம் எழுந்தது.

இறங்கிவிட்டால் புழுதி, கதறல், முதலை, மறுகரையின் செங்குத்தில் வழுக்கி விழும் கன்றுகள். ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்டுகள் இந்த ஆற்றில் மூழ்கிச் சாகின்றன என்று 2017-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த உடல்கள்தான் மீனுக்கும் கழுகுக்கும் ஆற்றுக்கும் உணவு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முன்பே பேசிவைப்பது நல்லது.

படி 11: கேம்பில் இரவு

பல கேம்ப்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் கூடாரத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குக்கூடப் போகாதீர்கள். ஆற்றோரமாக இருந்தால் நீர்யானை இரவில் புல் மேய மேலே வரும், தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. கூடார ஜிப்பை எப்போதும் முழுக்க மூடுங்கள். சிங்கத்துக்காக இல்லை, முறுக்குப் பொட்டலத்தை மோப்பம் பிடித்து வரும் குரங்குகளுக்காக.

மாசாய் கிராமத்துக்கு அழைத்தால் தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆட்களைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். காண்டாமிருகப் படத்தை வலைத்தளத்தில் போடும்போது இடக்குறியை நீக்கிவிடுங்கள், கள்ள வேட்டைக்காரர்களும் அதைப் பார்க்கிறார்கள்.

படி 12: ஊர் திரும்பிய பிறகு

மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு கையிலேயே வைத்திருங்கள், பெட்டிக்குள் போட்டால் விமான நிலையத்தில் திணறுவீர்கள். மலேரியா மாத்திரையை மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை விழுங்குங்கள். அடுத்த சில வாரங்களில், சில மாதங்கள் கழித்துக்கூட, காய்ச்சல் வந்தால் வைரல் காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் இருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய், கேட்குமுன் முதல் வாக்கியமாக "ஆப்பிரிக்கா போய்வந்தேன்" என்று சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.